எல்லோருக்கும் பொதுவான ஒரு கோப்பு

‘பேரணாம்பட்டு’ என்று கைபேசியில் அடித்தால் உள்ளே சேமிக்கப்படுபவை 12 எண்கள். கண்ணுக்குத் தெரிவதோ ஏழு எழுத்து. முதல் எண் பகரத்துக்கு உரியது, இரண்டாவது ஏகாரக் கொம்புக்கு உரியது. ஆனால் திரையில் கொம்பு முன்னால் வந்துவிட வேண்டும், பகரம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். மகரத்தின் தலையில் புள்ளி சரியான இடத்தில் உட்கார வேண்டும். கடைசியில் டகரமும் உகரக் குறியும் ஒட்டி ஒரே வடிவமாக வேண்டும். எழுத்துருவுக்குள் இந்த வடிவங்கள் எல்லாம் இருக்கின்றன. எதை எதற்கு முன்னால் வைப்பது, எப்போது எதை எதோடு ஒட்டுவது என்று பார்த்துச் செய்ய இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஹார்ஃப்பஸ் என்னும் லைப்ரரி. ஆண்ட்ராய்டு கைபேசியில் இருப்பது அதுதான். ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அதுதான். பேரணாம்பட்டு தமிழும் உருதும் சேர்ந்து புழங்கும் ஊர். ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் ஆந்திரம், தெலுங்கு. மூன்று எழுத்தும் மூன்று போக்கு. உருது வலமிருந்து இடமாகப் போகும். நஸ்தாலிக் நடையில் ஒவ்வொரு சொல்லும் மேலிருந்து சரிந்து இறங்கும். தெலுங்கில் கூட்டெழுத்தின் இரண்டாவது மெய் முந்தைய எழுத்தின் காலடியில் போய் ஒண்டிக்கொள்ளும். இந்த உருதைக் கணினிக்குக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்றால், 1927-இல் தொடங்கிய ‘தி முசல்மான்’ நாளிதழைச் சென்னையில் பல தலைமுறைகளாகக் கையால்தான் எழுதிவந்தார்கள். இன்றைக்குத் தோல் வியாபாரி ஒருவர் தன் ஆண்ட்ராய்டு கைபேசியில் மூன்று மொழியிலும் செய்தி அனுப்பினால், மூன்றையும் வரைந்து கொடுப்பது ஒரே கோப்பு.

இப்படிப்பட்ட பொதுக் கோப்புகள் எப்படி உருவாகின்றன, யார் அவற்றைப் பராமரிக்கிறார்கள், அதில் நம் பங்கு என்ன என்பதெல்லாம் கணினிக்காரர்களின் உள்விவகாரம் என்று தமிழ்நாடு இதுவரை விட்டுவைத்திருக்கிறது. விட்டுவைத்தது சரியில்லை என்பது நம் கருத்து. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழங்கதை வேண்டியிருக்கிறது.

சி மொழியில் எழுதிய நிரலை முதலில் கம்பைல் செய்கிறோம். ஒவ்வொரு மூலக் கோப்பும் இயந்திர மொழிக்கு மாறி ஓர் ஆப்ஜெக்ட் கோப்பாகிறது. அது முழுமையானது இல்லை. நடுநடுவே காலியிடங்கள் இருக்கும்: இந்த இடத்தில் இன்ன பெயருள்ள செயற்கூற்றை அழைக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று இப்போதைக்குத் தெரியாது. அந்தக் காலியிடங்களை நிரப்பும் வேலைதான் லிங்க் செய்வது. அப்போதே எல்லாவற்றையும் நிரப்பி, வேண்டிய செயற்கூறுகளையெல்லாம் உள்ளேயே படியெடுத்துப் போட்டு, ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது ஒரு வழி. பெயரை மட்டும் குறித்துவைத்து, நிரல் ஓடத் தொடங்கும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது இன்னொரு வழி. இரண்டாவதில் செயற்கூறுகள் தனியே ஒரு கோப்பில் இருக்கும். பத்து நிரல்கள் ஓடினாலும் அந்தக் கோப்பின் நிரல்பகுதி நினைவகத்தில் ஒரு முறைதான் ஏறும். இதுதான் ஷேர்டு லைப்ரரி.

முதல் வழிக்கு வயது அதிகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு அருகில் ஓர் அலமாரி இருந்தது. அதில் துளையிட்ட காகித நாடாக்கள். வர்க்கமூலம் காண ஒரு நாடா, விடையை அச்சிட ஒரு நாடா என்று அடுக்கிவைத்திருப்பார்கள். நிரல் எழுதுபவர் வேண்டியதை எடுத்துவந்து தன் நாடாவில் படியெடுத்துக்கொண்டு திரும்ப வைத்துவிடுவார். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் இந்த முறையை 1951-இல் புத்தகமாகவே போட்டார்கள். ஒருவர் சரியாக எழுதியதை இன்னொருவர் மறுபடி எழுத வேண்டாம் என்ற எண்ணம் அன்றைக்கே பிறந்துவிட்டது. ஆனால் படியெடுத்த பிறகு அந்தப் படிக்கும் அலமாரியில் இருக்கும் மூலத்துக்கும் உறவு அறுந்துவிடும். மூலத்தில் ஒரு தப்பைத் திருத்தினால், படியெடுத்தவர்கள் எல்லோரும் வந்து மறுபடி படியெடுக்க வேண்டும்.

ஓடும்போது இணைத்துக்கொள்ளும் வழியை 1960-களில் எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் செய்து காட்டியது. அதிலிருந்து விலகி வந்தவர்கள் உருவாக்கிய யூனிக்ஸ், சிக்கனத்தை உத்தேசித்து இதை விட்டுவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி அந்த யூனிக்ஸில்தான் வளர்ந்தது. 1980-களில் திரையில் ஜன்னல்களும் பட்டன்களும் வந்தபோது நிலைமை மாறியது. ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ஜன்னல் வரையும் வேலையைத் தனித்தனியே படியெடுத்துப் போட்டால் வட்டும் நிறைந்துவிடும், நினைவகமும் நிறைந்துவிடும். 1985-இல் வந்த முதல் விண்டோஸ் 256 கிலோபைட் நினைவகத்தில் ஓட வேண்டியிருந்தது. அதனால் அது முதல் நாளிலிருந்தே டி.எல்.எல். கோப்புகளை நம்பியிருந்தது. சன் நிறுவனம் 1988-இல் சன்ஓஎஸ் 4.0-இல் இதைக் கொண்டுவந்தது. லினக்ஸ் 1990-களின் நடுவில் எல்ஃப் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறிய பிறகுதான் அங்கே இது சுலபமான காரியமானது.

ஆக, ஒரே யோசனை மூன்று வீடுகளில் தனித்தனியாக வளர்ந்தது. லினக்ஸில் எஸ்.ஓ., விண்டோஸில் டி.எல்.எல்., ஆப்பிளில் டைலிப். வெளிப்பார்வைக்கு வால்தான் வேறு என்று தோன்றும். உள்ளே போனால் சம்பிரதாயமே வேறு. லினக்ஸில், வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, எல்லாச் செயற்கூறுகளின் பெயரும் வெளியே தெரியும். விண்டோஸில், இதை வெளியே காட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அங்கே டி.எல்.எல்.லோடு, லிங்க் செய்யும்போது காட்ட வேண்டிய இன்னொரு சிறு கோப்பும் வழக்கமாகக் கூட வரும். லினக்ஸில் எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும்படி கம்பைல் செய்திருக்க வேண்டும். அதற்கு ஒரு தனிக் கட்டளை உண்டு, மறந்தால் லிங்க் செய்யும்போது திட்டு விழும். ஆப்பிளில், தான் எந்த இடத்தில் இருப்பேன் என்ற பாதையையே லைப்ரரி தன் உடம்பில் எழுதிவைத்திருக்கும். இத்தனை வேற்றுமைக்கும் நடுவே ஒரே மூலத்தை மூன்று இடத்திலும் கட்டியாக வேண்டும் என்பதற்காகவே லிப்டூல், சிமேக், மீசான் என்று கருவிகள் வந்தன. அவற்றோடு மல்லுக்கட்டியவர்கள் யாரும் அவற்றைப் பற்றி ஆசையாகப் பேசிக் கேட்டதில்லை.

இந்த மூன்று வீட்டுக்கும் பொதுவாக நின்றது சி மொழி. காரணம் எளியது. சி-யில் ஒரு செயற்கூற்றுக்கு என்ன பெயர் வைத்தோமோ அநேகமாக அதே பெயர்தான் கம்பைல் ஆன கோப்பிலும் இருக்கும். சி++ கம்பைலர்கள் பெயரோடு வேறு விவரங்களையும் முறுக்கிப் பின்னிவிடும், அதிலும் கம்பைலருக்குக் கம்பைலர் பின்னல் மாறும். அதனால் பைத்தானோ ஜாவாவோ ரஸ்டோ, வெளி லைப்ரரியை அழைக்க வேண்டுமென்றால் சி-யின் வழக்கத்தைத்தான் பிடிக்கின்றன. ஹார்ஃப்பஸ் உள்ளே சி++-இல் எழுதியது. ஆனால் வெளியே காட்டும் முகம் முழுக்க சி. லினக்ஸில் அதன் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பதிப்பு எண் தொடக்கத்திலிருந்து 0-வாகவே இருக்கிறது. பழைய செயற்கூறு எதையும் எடுத்துவிடவில்லை, முன்பு லிங்க் செய்தவர் மறுபடி லிங்க் செய்யத் தேவையில்லை என்ற உறுதிமொழி அது. இத்தனை ஆண்டுகள் அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். சாதாரண விஷயமில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். 1991-இல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தபோது அதில் தமிழ் இருந்தது. 1988-இல் இந்திய அரசு வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றி, எழுத்துகளை ஒலிக்கும் வரிசையில் சேமிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். முதலில் பகரம், பிறகு கொம்பு. திரையில் அதை மாற்றி அடுக்கும் பாரம் முழுவதும் லைப்ரரியின் தலையில் விழுந்தது. அன்றைக்கு அப்படி ஒரு லைப்ரரி எங்கும் இல்லை. தமிழ் உலகம் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும் திஸ்கி வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாப், டாம் என்ற இரண்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. பத்திரிகைகளின் இணையதளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஓர் இதழின் பக்கத்திலிருந்து நகலெடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டினால் வெறும் குப்பைதான் வரும். யூனிகோட் தமிழுக்கு அநீதி செய்துவிட்டது, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்திருந்தால் இந்த இடைத்தரகரே வேண்டியிருக்காது என்ற வாதம் நீண்ட நாள் நடந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டபோதுகூட, அந்த வாதத்தின் வடிவமான டேஸ்16-ஐயும் மாற்று முறையாகச் சேர்த்தே அறிவித்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் வாதத்தை முடித்துவைத்தது எந்த அரசாணையும் இல்லை. இடைத்தரகர் எல்லாக் கருவியிலும் குடியேறிவிட்டார், அதோடு பேச்சு அடங்கிவிட்டது.

அவர் குடியேறிய கதை நேராக நடக்கவில்லை. 2000-இல் வந்த விண்டோஸ் 2000-இல்தான் மைக்ரோசாஃப்ட் முதன்முதலாகத் தமிழை இயங்குதளத்துக்குள் கொண்டுவந்தது. லதா என்ற எழுத்துரு, கூடவே யூனிஸ்கிரைப் என்ற லைப்ரரி. யு.எஸ்.பி.10 டி.எல்.எல். என்று சொன்னால் அந்தக் காலத்து வலைப்பதிவர்கள் பலருக்கு நினைவு வரும். எக்ஸ்.பி.யில் அது இருந்தும், ஆங்கிலப் பதிப்பில் தமிழ் தானாக வராது. கண்ட்ரோல் பேனலில் போய், சிக்கலான எழுத்துகளுக்கான வசதியை நிறுவு என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். உடனே அது விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். சின்ன ஊர் பிரவுசிங் சென்டரில் அந்த சிடிக்கு எங்கே போவது? பழைய விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள், பழைய லைப்ரரியில் எழுத்து உடைவதைப் பார்த்துச் சலித்தவர்கள், வேறு வழி கண்டுபிடித்தார்கள். புதிய ஆபீஸ் தொகுப்போடு புதிய யு.எஸ்.பி.10 வரும். அதை எடுத்து, பிரவுசர் இருக்கும் கோப்புறையிலேயே போட்டுவிடுவார்கள். விண்டோஸ் ஒரு டி.எல்.எல்.லைத் தேடும்போது, நிரல் இருக்கும் கோப்புறையைத்தான் முதலில் பார்க்கும். சிஸ்டம் கோப்புறையில் இருப்பதை மாற்றினால் புதிய விண்டோஸ் சத்தமில்லாமல் பழையதைத் திரும்ப வைத்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கணினிப் பாடம் படிக்காத தமிழ் ஆசிரியர்களும் கவிஞர்களும் ஓர் இயங்குதளம் லைப்ரரியைத் தேடும் முறையை இப்படி அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள். தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பகுதிக்கு உரிய மரியாதை கொடுத்ததாகத் தெரியவில்லை.

லினக்ஸில் வேறு விதமான தொல்லை. அங்கே பாங்கோ தன் வழியில் தமிழை அடுக்கியது, கே.டி.இ. பயன்படுத்திய க்யூடி தன் வழியில் அடுக்கியது, ஓப்பன் ஆபீஸ் ஐ.சி.யு.வைக் கூப்பிட்டது. ஒரே கணினியில் ஒரே சொல் ஒரு நிரலில் ஒழுங்காகத் தெரியும், இன்னொன்றில் கொம்பு இடம் மாறித் தெரியும். கைபேசி வந்தபோது எல்லாம் முதலிலிருந்து. தொடக்க கால ஆண்ட்ராய்டில் தமிழ் வெறும் கட்டங்கள்தான். அப்போது ஓப்பரா மினி பிரவுசரில், முகவரிப் பட்டையில் ஒரு ரகசியக் கட்டளையை அடித்து, சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துரு என்ற வரியில் ‘யெஸ்’ போட்டால் எழுத்துகள் படமாக வந்து இறங்கும். தமிழ் வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பரப்பிய வித்தை அது. எழுத்தை அடுக்கும் லைப்ரரி நம் கைபேசியில் இல்லாததால், தூரத்தில் ஓப்பராவின் சர்வரில் இருப்பதைக் கடன் வாங்கினோம் என்று அதற்கு அர்த்தம்.

ஹார்ஃப்பஸ் இந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறந்தது. ஃப்ரீடைப் திட்டத்தில் எழுதிய நிரலைப் பாங்கோவும் க்யூடியும் ஆளுக்கொரு படியெடுத்து, ஆளுக்கொரு விதமாகத் திருத்திக்கொண்டிருந்தன. கேம்பிரிட்ஜ் நாடா அலமாரியின் பழைய சங்கடமேதான். அந்தப் படிகளை ஒன்றாக்கும் முயற்சியாகத் தொடங்கி, பிறகு அடியிலிருந்து புதிதாக எழுதியதுதான் இன்றுள்ள ஹார்ஃப்பஸ். அதை முன்னின்று எழுதியவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். ஈரானில் பிறந்தவர், பார்சிக்காக இந்த வேலைக்கு வந்தவர். தமிழ் அவருக்குத் தெரியாது. சரியாக அடுக்குகிறோமா என்று எப்படிச் சோதிப்பது? விக்கிப்பீடியாவில் இருந்த சொற்களை எடுத்தார்கள். தமிழில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சொல்லையும் மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப் எப்படி அடுக்குகிறது, ஹார்ஃப்பஸ் எப்படி அடுக்குகிறது என்று ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சுழிக்கு விரட்டினார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் 2003-இலிருந்து உட்கார்ந்து கட்டுரை எழுதிய ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஈழத்து இளைஞர்களும் தங்களுக்கே தெரியாமல் அந்தச் சோதனைக்குச் சரக்குக் கொடுத்திருக்கிறார்கள். லிப்ரே ஆபீஸ் 2013-இல் லினக்ஸில் இதற்கு மாறியது. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து விண்டோஸ், ஆப்பிள் எல்லாவற்றிலும் ஒரே லைப்ரரி. இன்றைக்கு அந்த மென்பொருளில் தமிழ் தட்டச்சு செய்பவருக்கு இயங்குதளம் எது என்பது ஒரு பொருட்டில்லை.

பொதுவாக இருப்பதன் பலம் எதுவோ அதுவேதான் அதன் ஆபத்தும். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு ஐபோன்களை முடக்கியது. அந்த எழுத்தைச் செய்தியாக அனுப்பினால் பெறுபவரின் செயலி நின்றுபோகும். தப்பு எந்தச் செயலியிலும் இல்லை. எல்லாச் செயலிகளும் எழுத்தை அடுக்கக் கூப்பிடும் ஆப்பிளின் கோர்டெக்ஸ்ட் லைப்ரரியில். அதே மாதம் 19-ஆம் தேதி ஐஓஎஸ் 11.2.6 வந்தது, ஒரு கோப்பில் செய்த திருத்தம் எல்லாச் செயலிகளையும் ஒரே நாளில் சரியாக்கியது. கெட்டதும் மொத்தமாக, சரியானதும் மொத்தமாக.

2024 மார்ச்சில் நடந்தது இதைவிடத் தீவிரம். எக்ஸ்.இஸட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. அதன் லைப்ரரியைப் பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். அவருக்கு உதவ வருவதாகச் சொல்லிக்கொண்டு ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் நுழைந்து, பொறுமையாக நம்பிக்கையைப் பெற்று, திருட்டு வாசல் ஒன்றை வைத்தார். வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மூல நிரலைப் படித்தால் அகப்படாது. கம்பைல் செய்து லிங்க் செய்யும்போது ஓடும் கட்டளைக் கோப்பில் ஒரு வரியை நுழைத்து, சோதனைக் கோப்பு என்ற பெயரில் கிடந்த ஒன்றிலிருந்து விஷத்தை எடுத்து ஆப்ஜெக்ட் கோப்பில் கலக்கும்படி செய்திருந்தார். உலகின் சர்வர்களுக்குள் தூரத்திலிருந்து நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச். நிரலுக்கும் சுருக்கும் கருவிக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. ஆனால் பல லினக்ஸ் தொகுப்புகளில் அது வேறொரு லைப்ரரியைக் கூப்பிடும், அந்த லைப்ரரி இதைக் கூப்பிடும். உள்நுழைய அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளரால், பெரிய அளவில் பரவுவதற்கு முன் வெளிச்சத்துக்கு வந்தது. கம்பைல் செய்வதும் லிங்க் செய்வதும் எந்திரம் பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும்.

பொதுச் சொத்தைக் கட்டுவது வேறு, நாள்தோறும் ஓட்டுவது வேறு என்பது பேரணாம்பட்டுக்குப் புதிய செய்தி இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் போய் குரோமிய உப்பு வந்த பிறகு, இந்த வட்டாரத்தில் பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் வயல்களும் பட்ட பாடு ஊரறிந்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ விளைச்சலுக்கு உதவாமல் போனதாக வந்த கணக்கை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றும், ஒவ்வொரு தொழிற்சாலையும் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைக்க வேண்டும் அல்லது பொது நிலையத்தோடு இணைய வேண்டும் என்றும் ஆனது. சிறிய டேனரி தனியாக ஒரு நிலையம் கட்ட முடியாது. அதனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடைமுறைக்கு வந்தன.

அந்த நிலையம் ஓடும் விதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு டேனரியும் தன் கழிவுநீரை முதற்கட்டமாகச் சுத்தம் செய்துதான் பொதுக் குழாயில் விட வேண்டும். ஒரு டேனரி குரோமைப் பிரிக்காமல் அப்படியே திறந்துவிட்டால் நிலையத்தில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். ஒழுங்காக நடந்தவர்களின் தண்ணீரும் சேர்ந்து கெடும். அதனால் உள்ளே வருவதைச் சோதிக்க ஆள், ஓட்டுவதற்கு மின்சாரம், மாதாமாதம் கட்டணம், மீறினால் தண்டனை. இவ்வளவும் இருந்தும் சச்சரவு ஓயவில்லை. கடைசியில் எஞ்சும் உப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்றும் திருப்தியான விடை இல்லை. ஆனால் கட்டணம் என்று ஒன்று உண்டு, பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் உண்டு. ஷேர்டு லைப்ரரிகளின் உலகில் அந்த இரண்டும் பெரும்பாலும் இல்லை. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்.எஸ்.எல். லைப்ரரிக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் என்று தெரியவந்தது. குழாயில் எல்லோரும் விடுகிறார்கள், நிலையத்துக்கு யாரும் பணம் கட்டுவதில்லை.

தமிழ்நாடு இதில் வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. 2005-இல் சென்னையில் சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அங்கிருந்து 2007-இல் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் கணினிகளையும் பள்ளிகளுக்கான கணினிகளையும் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே மடிக்கணினியில் சேர்ந்தே வந்தன. ஊரூராக, பேரணாம்பட்டு போன்ற இடங்களில் தோல் தொழிலாளி வீட்டுக்கும் பீடி சுற்றுபவர் வீட்டுக்கும், இரண்டு இயங்குதளம் உள்ள ஒரு கருவி போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு வாய்ப்பு உலகில் வேறு எத்தனை அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்திருக்கும்? பாஸ் லினக்ஸைத் திறக்காமலேயே பலர் படிப்பை முடித்தார்கள். திறக்கச் சொல்லும் பாடம் இல்லை, திறந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ஆசிரியருக்குப் பயிற்சியும் இல்லை.

பக்கத்துக் கேரளம் வேறு மாதிரி செய்தது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோயிற்று, ஆசிரியர்களுக்கு விடாமல் பயிற்சி கொடுத்தது. இன்னொரு பக்கம் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு எழுத்துருக்களோடு நிற்காமல், மலையாள எழுத்தை அடுக்கும் லைப்ரரிகளுக்குள்ளேயே இறங்கித் திருத்தம் செய்து கொடுத்தது. தமிழ் ஆர்வலர்கள் குறைந்தவர்கள் இல்லை. மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், இ-கலப்பை, அழகி, ஓப்பன்-தமிழ், கணியம், விழுப்புரத்தில் கிராமத்து மாணவர்களைச் சேர்த்து நடத்தும் வி-கிளக் என்று பட்டியல் நீளும். ஆனால் நம் உழைப்பு பெரும்பாலும் விசைப்பலகை, எழுத்துரு, மொழிபெயர்ப்பு என்று மேல்தளத்திலேயே நின்றுவிட்டது. அடித்தளத்தை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள், நல்லபடியாகவும் பார்த்துக்கொண்டார்கள். அது எப்போதும் அப்படியே நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. தமிழ் மென்பொருளுக்கு என்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, தமிழ் நம்பியிருக்கும் லைப்ரரிகளைப் பராமரிக்கும் இரண்டு மூன்று பொறியாளர்களின் சம்பளத்துக்கு என்று அரசு ஒதுக்கலாம். திறப்பு விழா எடுக்க முடியாத செலவு அது. அதனால்தான் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பள்ளியிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2019-இல் வந்த பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து பயன்படுத்துவது பற்றியே ஒரு தனிப் பாடம் உண்டு. துணிச்சலான சேர்க்கை. சிடைப்ஸ், ஸ்விக், சைத்தான், பூஸ்ட் என்று உண்மையான கருவிகளின் பெயரெல்லாம் அதில் வருகின்றன. ஆனால் செய்முறை என்று வரும்போது, பைத்தான் விண்டோஸுக்கான மின்ஜிடபிள்யூ கம்பைலரைக் கூப்பிட்டு ஒரு இ.எக்ஸ்.இ. கோப்பை உருவாக்கி, அதை ஓடவிடுகிறது. செயற்கூறு எதுவும் அழைக்கப்படுவதில்லை. ஒரு முழு நிரல் தனியே ஓடி முடிகிறது, அவ்வளவுதான். லைப்ரரி என்பதே அந்தச் செய்முறையில் வரவில்லை. விண்டோஸ் இல்லாத கணினியில் அது அப்படியே ஓடாது.

அந்த இடத்தில் வேறொரு செய்முறையை வைக்கலாம். தோலின் பரப்பைச் சதுர டெசிமீட்டரில் கொடுத்தால் சதுர அடியில் சொல்லும் ஒரு செயற்கூறு. சி-யில் நான்கு வரி, 9.29-ஆல் வகுத்தால் போதும். ஒரு கட்டளையில் அதை விண்டோஸில் டி.எல்.எல்.லாகக் கட்டலாம், கிட்டத்தட்ட அதே கட்டளையில் லினக்ஸில் எஸ்.ஓ.வாகக் கட்டலாம். ஒரே பைத்தான் நிரல் இரண்டு இடத்திலும் சிடைப்ஸ் வழியாக அதை அழைக்கட்டும். முதல் முயற்சியில் எதுவும் ஓடாது. லினக்ஸில் லைப்ரரியின் பாதையைச் சொல்லாவிட்டால் கோப்பையே காணோம் என்று வரும். நடப்புக் கோப்புறையில் அது தானாகத் தேடுவதில்லை. விண்டோஸில் பழைய மின்ஜிடபிள்யூ 32 பிட்டில் கட்டியிருக்கும், பைத்தான் 64 பிட்டில் இருக்கும், இரண்டும் சேராது. இரண்டையும் தாண்டினால் விடை தப்பாக வரும், பிழைச்செய்தி ஏதும் வராது: திரும்பி வருவது தசம எண் என்று தனியாகச் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் மாணவர்களே கண்டுபிடிக்க இரண்டு லேப் பீரியடு ஆகும். புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.